நஸீர் நானா ஒட்டிய ஸ்பீக்கர்

"...அதால, அந்தக் கத்தினதை மட்டும் அழிச்சுப் போடுங்கோ அண்ணை. மிச்சத்தை நீங்கள் என்னவும் செய்யுங்கோ, நான் தடுக்கேல்ல. ஆனா என்ட தொண்டை உதுக்குள்ள கிடக்கக்கூடாது."

இதைச் சொன்னவர் செல்வராணி. நகரத்துக்கு வடக்கே, குச்சவெளிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்பவர். அன்றைக்கு விற்று முடித்த வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என் ஒலிப்பதிவு அறையின் கதிரை நுனியில் இருந்தார். சாய்ந்து இருந்தால் சம்மதித்துவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று பயந்தவரைப் போல இருந்தார்.

அவர் அழிக்கச் சொன்னது ஒரு நிமிடம்கூட இல்லாத ஒரு சத்தம். ஆனால் அந்தச் சத்தத்தை வெட்டி, அரைத்து, அடுக்கித்தான் அவருடைய மகள் ஜீவிதாவும் அவளுடைய கூட்டாளி றிஸ்வானும் ஓர் அல்பத்தையே கட்டியிருந்தார்கள். எட்டுப் பாட்டு. எட்டிலும் அந்தக் குரல் ஏதோ ஒரு உருவத்தில் கிடந்தது. ஒன்றில் ட்ரம்ஸ் மாதிரி அடிக்கும், இன்னொன்றில் சைரன் மாதிரி நீளும். அதை உருவி எடுத்தால் அல்பம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

றிஸ்வான் மவுசில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். ஜீவிதா உள்ளே வரவேயில்லை. வெளிப்படியில் இருந்து, எங்கள் நகரத்தில் மாடு மாதிரித் தெருவில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் மட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா சொல்லுறதுதான் அண்ணை. அவவின்ட குரல், அவவின்ட முடிவு" என்று என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. ஆனால் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் தேநீர்க் கோப்பை நசுங்கியிருந்தது.

சவுண்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர், "நீங்கள் செய்ததில மறக்க ஏலாத வேலை எது, மணியண்ணை?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பெரிய திருவிழாக்களையும் அமைச்சர்மார் வந்த மேடைகளையும் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சண்டைப் பாட்டு

என்னை ஊரில் ஸ்பீக்கர் மணியம் என்பார்கள். ஒலி பற்றி நான் எந்த வகுப்பிலும் இருந்ததில்லை. பழுதாகிப்போன சாமான்களைக் கழற்றிப் பார்த்துப் படித்தவன். கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, கலியாணத்துக்கு, கூட்டத்துக்கு என்று மரத்தில் ஏறி ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டித் தொடங்கி, பிறகு கடைக்குப் பின்னால் ஓர் அறையை அடைத்து, சுவருக்கு முட்டை மட்டையும் பழைய மெத்தையும் ஒட்டி, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறேன். சாமான் சேர்த்ததைவிட ஆட்கள் சொன்ன கதைகளைச் சேர்த்ததுதான் அதிகம்.

அந்த இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். றிஸ்வான் கிண்ணியா பொடியன், போன் திருத்தும் கடையில் வேலை. ஜீவிதா ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறையில் வேலை செய்பவள். வள்ளத்தின் உடம்பை மெஷினால் தேய்த்து மினுக்குவது அவளுடைய வேலை. மயிரிலும் புருவத்திலும் வெள்ளைத் தூளோடுதான் எப்போதும் வருவாள்.

"அண்ணை, இஞ்ச பாட்டு றெக்கோட் பண்ணலாமே?"

"ஓம், பண்ணலாம். என்ன பாட்டு? பக்தியோ, கலியாணமோ?"

"சண்டை" என்றாள் ஜீவிதா.

றிஸ்வான் இடையில் புகுந்து விளங்கப்படுத்தினான். "இண்டஸ்ட்ரியல் மெற்றல் எண்டு சொல்லுவாங்க அண்ணை. கிற்றார் உறுமும். அதுக்கு மேல மெஷின் சத்தம், இரும்புச் சத்தம். ட்ரம்ஸ் அடிக்க ஆள் இல்ல, லாப்டொப்தான் அடிக்கும். சொல்லு எல்லாம் அரசியல்."

"அரசியல் மேடைக்கு நான் கட்டாத ஸ்பீக்கரே?" என்றேன்.

"அவங்கள் வோட்டுக்குக் கத்தினவங்கள்" என்றாள் அவள். "நாங்கள் எங்கட கரைக்குக் கத்துறம்."

போனில் தாங்கள் செய்து பார்த்ததைப் போட்டுக் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால், முதல் தரம் கேட்டபோது என் கை தானாகவே அம்ப்ளிபயர் பக்கம் போனது. இத்தனை காலமும் அப்படி ஒரு சத்தம் வந்தால் உடனே ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதுதான் என் தொழில். அதையே வேண்டும் என்று கேட்டு ஒருவர் வந்தது அதுவே முதல் முறை.

அவர்களுடைய பாண்டின் பெயர் உப்புத்துரு. கடற்கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், என் ஹோர்ன்கள் எல்லாம் அதில் செத்தவைதான். அந்தப் பெயருக்காகவே வேலையை ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

முதல் மாதம் முழுக்க நாங்கள் பாட்டே பதியவில்லை. இரும்பு பதிந்தோம். துறைமுகப் பக்கம் வள்ளமும் பெரிய ரோலர் படகும் திருத்தும் ஒரு பட்டறைக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போனோம். சங்கிலி இழுபடும் சத்தம், கப்பலின் அடித்தகட்டில் துருவைத் தட்டி விழுத்தும் சுத்தியல், கிரைண்டர், வெல்டிங் பொறி. அந்தப் பட்டறை மேற்பார்வையாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

"இந்தச் சத்தத்தைக் குறையுங்கோ எண்டு அறிவித்தல் கொண்டு வந்த ஆக்களைத்தான் இவ்வளவு காலமும் கண்டனான்" என்றார். "இன்னும் கொஞ்சம் பலமா அடியுங்கோ எண்டு கேட்ட முதல் ஆக்கள் நீங்கள்தான். இருங்கோ, பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வாறன்."

மனுசன் சந்தோஷத்தில் அடித்த அடியில் என் மைக் ஒன்று அரை மணித்தியாலம் மயங்கிக் கிடந்தது.

விளங்க வேணுமா, உறைக்க வேணுமா

எனக்கும் ஜீவிதாவுக்கும் ஒரு விஷயத்தில் கடைசிவரை இழுபறி. நான் மேடைக்காரன். சொல் விளங்கவேண்டும். கடைசி ஹோர்னுக்குக் கீழே நிற்கும் ஆளுக்கும் பேச்சு விளங்கினால்தான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். அவளோ தன் சொல்லையே சத்தத்துக்குள் புதைக்கச் சொன்னாள்.

"நீ என்ன சொல்லுறாய் எண்டு ஒருத்தருக்கும் விளங்காது பிள்ளை."

"கரைக்காக விளங்கிற மாதிரி மனு எழுதினம், விளங்கிற மாதிரி கூட்டத்தில கதைச்சம். விளங்கி என்ன நடந்தது? இப்ப உறைக்கட்டும் அண்ணை."

அவள் சொன்னபடியே புதைத்தேன். ஆனாலும் அவள் பார்க்காத நேரத்தில் குரலை ஒரு புள்ளி கூட்டுவேன். அவள் வந்து பார்த்து ஒரு புள்ளி குறைப்பாள். றிஸ்வான் நடுவில் இருந்து சிரிப்பான்.

உறைப்புக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். என்னிடம் ஒரு பழைய கிற்றார் அம்ப்ளிபயர் பெட்டி இருந்தது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், கோன் என்கிற அதன் கடதாசிக் கூம்பு இன்னும் நல்ல நிலையில். அதைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டவன், முன்வலையைக் கழற்றி, சவர பிளேடால் அந்தக் கோனை மூன்று இடத்தில் கீறினான். எனக்கு முன்னாலேயே.

"என்னடா செய்யுறாய்!"

"கிழிஞ்ச கோன்தான் அண்ணை இப்பிடி உறுமும். கேளுங்க."

கேட்டேன். உண்மைதான். கிற்றார் மட்டுமல்ல, குரல், சங்கிலி, சுத்தியல் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் இருந்து அந்தப் பெட்டிக்கு அனுப்பி, பெட்டிக்கு முன்னால் மைக் வைத்துத் திரும்பப் பதிவான். அந்தக் கிழிசலுக்குள்ளால் வந்த எதுவும் சொரசொரவென்று, கோபம் பிடித்ததுபோல வரும். பெரிய சத்தம் இன்னும் பெரிதாகும். சின்னச் சத்தம் எல்லாம் அந்த இரைச்சலுக்குள் செத்துப்போகும். அல்பம் முழுதும் அந்தப் பெட்டியின் நிறம்தான்.

வேலியடியில் நடந்தது

இனி அந்தக் குரலுக்கு வருகிறேன்.

ஜீவிதாவின் ஊர்க் கரையில் ஒரு வேலி வந்தது. எந்தத் திணைக்களத்தின் வேலி என்பதை இங்கே எழுதவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை பலகையில் பெயர் மாறும், கம்பி அப்படியே நிற்கும். வள்ளம் இழுத்து விடும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே அது ஓடியது. வள்ளத்தைச் சுற்று வழியாக, அயல் ஊர்க் கரைவரை கொண்டுபோய் இறக்க வேண்டிய நிலை.

ஒருநாள் அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வராணி எழும்பிப்போய், வேலியடியில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அதைப் போனில் பதிந்தது. ஜீவிதா அன்று பட்டறையில். அவளுக்குப் பிறகுதான் அந்தப் பதிவு வந்து சேர்ந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஐயா, உங்கட வேலிக்கு வாசல் இல்ல, எங்கட வள்ளத்துக்கு வழி இல்ல. காணி உங்கட எண்டு போர்ட் போட்டீங்கள், சரி. கடல் ஆற்ற? அதுக்குள்ளயும் ஒரு போர்ட்டை நடுங்கோ பாப்பம்! அலை வந்து வாசிச்சுப்போட்டுத் திரும்பிப் போகட்டும்!"

போனின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அன்றே நான் ஜீவிதாவிடம் சொன்னேன், "பிள்ளை, நீ ஒரு வரியும் எழுதத் தேவையில்ல" என்று. அவளுக்கும் அதே நினைப்புத்தான். கடல் யாருடையது என்று கேட்ட அந்த 'ஆற்ற?'வை மட்டும் நறுக்கி எடுத்து, கிழிந்த ஸ்பீக்கரில் போட்டு, அதன் மேல்தான் அல்பத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அல்பத்தின் பெயர் 'கடல் ஆற்ற'.

ஆனால் ஊரில் வேறு கதை நடந்தது. கத்திய மறுகிழமை இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து செல்வராணியின் வீட்டில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். வேறொன்றும் செய்யவில்லை. அது போதும், எங்கள் பக்கத்தில். மீனவர் சங்கத் தலைவர் தவராசா கூட்டம் வைத்து, இனிமேல் தனியாக ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றார். வேலியில் வள்ளம் போக ஒரு வழி விடுவது பற்றி அதிகாரிகளோடு பேச்சு நடக்க இருந்தது. அதைக் குழப்பக்கூடாது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் செல்வராணியோடு முகம்கொடுத்துக் கதைப்பது குறைந்தது. கிணற்றடியில் அவர் போனால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மகள் அந்தக் குரலைப் பாட்டாகப் போடப்போகிறாள் என்ற செய்தி வந்ததும் தவராசா வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி, பாட்டு வெளிய வந்தா பாதை வராது."

அதனால்தான் சந்தை முடிந்த கையோடு அந்த வெறும் கூடையும், கதிரை நுனியும்.

சுவரைப் பார்த்த பெட்டி

இந்த இடத்தில் எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

கடையில் எந்த ஸ்பீக்கர் பெட்டி சுவரைப் பார்த்தபடி நிற்கிறதோ, அது பழுது. ஆட்களைப் பார்த்தபடி நிற்பது வாடகைக்குப் போகலாம். இதை யாரும் சீட்டு எழுதி ஒட்டுவதில்லை. கொண்டுவந்து இறக்கும்போதே வேலையாட்கள் திருப்பி வைத்துவிடுவார்கள். கிழமைக்கு ஒருநாள் நஸீர் நானா வருவார். கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில், ஒரு பையும் பசைப் போத்தலும் மெல்லிய ரிஷூக் கடதாசியுமாக. வந்து யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார். சுவரைப் பார்த்து நிற்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கழற்றி, ஒட்டி, காயவைத்து, முகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். கோன் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் ஒட்டிய இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம்.

செல்வராணி வந்ததற்கு முதல்நாள், றிஸ்வான் தான் கிழித்த பெட்டியில் தூசி படக்கூடாது என்று, முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். வீடு கிண்ணியாவாக இருந்தும் நானாவின் வழக்கம் அவனுக்குத் தெரியாது. எங்களிடம் வந்து கொஞ்சக் காலம்தானே.

மறுநாள் காலையில் நானா வந்திருக்கிறார். நான் கலியாண வீடொன்றில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்று கீறல் கண்ட கோனைப் பார்த்ததும் அவருக்கு மனம் பொறுக்கவில்லையாம். எந்தப் படுபாவி செய்த வேலை என்று ஏசிக்கொண்டே, இரண்டு பக்கமும் கடதாசி வைத்து, வழக்கத்தைவிடப் பவுத்திரமாக ஒட்டிக் காயவைத்திருக்கிறார். பிறகு பெட்டியை எங்கள் ஒலிப்பதிவு அறைக்குள் அது நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

முன்வலையைத் திரும்பப் பூட்டியிருந்ததால் ஒட்டு வெளியே தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முழுதாகப் போட்டுக் காட்டினோம்

"அழிச்சுப் போடுங்கோ அண்ணை" என்று செல்வராணி மறுபடியும் சொன்னார்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய குரலையும் அவர் கேட்காமல் அழிக்கமாட்டேன். கலியாண வீட்டில் வாழ்த்துப் பேசிவிட்டு, "என்ட பேச்சைத் தூக்கிவிடுங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். போட்டுக் காட்டிய பிறகு பாதிப்பேர் "பரவாயில்ல, கிடக்கட்டும்" என்பார்கள். மிச்சப் பாதிக்கு அழித்துவிடுவேன். எப்படியானாலும் கேட்ட பிறகுதான்.

"அழிக்கிறன் தங்கச்சி. ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ."

"நான் சொன்னது எனக்குத் தெரியாதே?"

"நீங்கள் சொன்னது தெரியும். கேட்டீங்களோ?"

அவர் கேட்டதில்லை. போனில் மகள் போட்டபோதும் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டாராம்.

றிஸ்வானிடம் நறுக்காத பதிவை, போனில் வந்தபடி முழுதாக, பெட்டிக்கு அனுப்பச் சொன்னேன். கிழிந்த ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னேன். உலகம் எப்படிக் கேட்கப்போகிறதோ அப்படியே அவரும் கேட்டு முடிவெடுக்கட்டும் என்பது என் எண்ணம். சின்ன ஸ்பீக்கரில் இனிமையாகப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குவது கள்ள வேலை.

றிஸ்வான் தட்டினான்.

உறுமல் வரவில்லை. முதலில் காற்று வந்தது. பிறகு அலை வந்தது, ஒன்று, அது இழுபட்டுப் போகும் சத்தம்கூட. பிறகு செல்வராணியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, ஒரு கீறல் இல்லாமல்.

றிஸ்வான் எழும்பிப் பெட்டிப் பக்கம் வந்தான். "அண்ணை, பெட்டிக்கு என்ன நடந்தது?"

"பொறு" என்றேன். ஏனென்றால் அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு குரல்கள் வந்துகொண்டிருந்தன.

"காணி உங்கட எண்டு போர்ட் போட்டீங்கள், சரி" என்று செல்வராணி சொல்லும்போது, பின்னால் ஒரு பெண், "ஓம், அதைக் கேளு!" என்றாள். "கடல் ஆற்ற?" என்றபோது நாலைந்து பேர் ஒன்றாய், "எங்கட!" என்றார்கள். இன்னொருத்தி, "வள்ளத்துக்குச் செட்டை முளைக்குமே, பறந்து போக?" என்றாள். அலை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்ற இடத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குள் ஓர் ஆம்பிளைச் சிரிப்பும் கேட்டது, சட்டென்று அடக்கிக்கொண்ட சிரிப்பு. யாரோ காவலுக்கு நின்றவராக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு முடியும் இடத்தில், தடித்த ஒரு குரல்: "விடாத ராணி! நாங்கள் நிக்கிறம்!"

பதிவு நின்றது. வெளிப்படியில் இருந்த ஜீவிதா கதவடிக்கு வந்து நின்றாள்.

செல்வராணி கூடையைக் கீழே வைத்தார்.

"உது புஸ்பம்" என்றார். மெதுவாக, தனக்கே சொல்வதுபோல. "தலைவற்ற மனுசி."

"நீங்கள் அண்டைக்குக் கேக்கேல்லையே?" என்றேன்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்ல அண்ணை. காது ரெண்டும் கொதிச்சுக்கொண்டு கிடந்தது. கத்தி முடிச்சுத் திரும்பிப் பாத்தா, எல்லாரும் அவங்கட அவங்கட கடகத்தைத் தூக்கிக்கொண்டு போறாளவை. நான் நினைச்சன்..." மகளைப் பார்த்தார். "தனிய நிண்டு கத்தி ஊரைக் கெடுத்துப்போட்டன் எண்டெல்லே நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

அந்த நேரம் பார்த்து நஸீர் நானா தேநீர் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டினார்.

"எப்பிடி மணியம், கண்ணாடி மாதிரி இரிக்கா? எந்த ஹராங்குட்டியோ பிளேடால கீறி வெச்சிருந்தான். என்ட கையில அம்புட்டான் எண்டா..."

றிஸ்வான் கொம்பியூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். "நான்தான் மாமா" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது.

"நீயா? ஏன் மகன், உனக்கு ஸ்பீக்கரோட என்ன கோவம்?"

ஜீவிதாதான் முதலில் சிரித்தாள். வந்த நாளில் இருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

செல்வராணி சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தவராசாவுக்கு அடித்தார். எடுத்ததும், "அண்ணை, கதையாதேங்கோ, கேளுங்கோ" என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பதிவை மறுபடி ஓடவிட்டேன். அவர் போனைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் வாயில் வைத்துப் பிடித்தார்.

முடிந்ததும் எங்களுக்கும் கேட்கும்படி போனின் ஸ்பீக்கரைப் போட்டார். பிறகு தவராசா செருமினார். "தங்கச்சி, உது... கடைசியாக் கத்தினது..."

"உங்கட வீட்டில இருக்கிற ஆள்தான்."

அதற்குத் தவராசா முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்கவில்லை. போன் கை மாறியது கேட்டது. புஸ்பத்தின் குரல் பதிவில் கேட்டதைவிடப் போனில் இன்னும் தடிப்பு. "ராணி, எங்க நிக்கிறாய்? அதைத் திருப்பிப் போடு." பிறகு போனைக் கையால் பொத்தாமலே புருஷனிடம், "இஞ்சேருங்கோ, உங்கட கூட்டத்தில இதைப் போட்டுக் காட்டுங்கோ. நீங்கள் கதைக்கிறதைவிட இது விளங்கும்" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு புஸ்பமும் இன்னும் சில பெண்களும் கரையோர பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்று, "எங்கட!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். சுவரில் ஒட்டியிருந்த முட்டை மட்டை ஒன்று கழன்று விழுந்தது. அல்பம் இணையத்தில் வந்தது. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று எழுதியவர்களும் உண்டு, வேறு ஊர்களில் இருந்து, "எங்கட ஊரிலயும் ஒரு வேலி இருக்கு" என்று எழுதியவர்களும் உண்டு. செல்வராணியைத் தேடி யாரும் பிறகு வரவில்லை. வந்தாலும் இனி ஒரு வீட்டில் மட்டும் பெயர் கேட்டுப் போக ஏலாது. வேலியில் இப்போது ஒரு திறப்பு இருக்கிறது. ஒரு வள்ளம் போகும் அகலம். கேட்டதில் பாதிகூட இல்லை, மிச்சத்துக்குப் பேச்சு நடக்கிறது. அது பாட்டால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். தவராசா சொல்லுவார், கேட்கிற ஆட்களிடமெல்லாம்.

ஒட்டிய பெட்டியை றிஸ்வான் அதற்குப் பிறகு கிழிக்கவில்லை. அல்பத்தில் ஓரிடத்தில் எல்லா இரும்பும் ஓய்ந்து, அந்தப் பெண்களின் குரல் மட்டும் தெளிவாக நிற்கும். அது அந்தப் பெட்டி. உறுமலுக்கு வேறொரு ஸ்பீக்கர் தேடினோம். நஸீர் நானாவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். கிழிக்கும்போது பக்கத்தில் நின்று, முகத்தைச் சுளித்தபடி, "வெட்டுறதெண்டா ஒழுங்கா வெட்டு மகன், நடுவுக்குக் கிட்டப் போகாத" என்றார். பிறகு பார்க்க ஏலாமல் வெளியே போய்விட்டார்.

இளசுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு குரலைப் பதியும்போது பின்னால் கேட்பதையெல்லாம் இரைச்சல் என்று நறுக்கி எறியாதீர்கள். மேடைக்காரனான நான் முன்னால் நிற்கும் குரலை மட்டுமே துடைத்துத் துடைத்து வைத்தேன், அந்தப் பிள்ளைகள் அதைக் கோபமாக்கினார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பகுதியும் பார்க்கவில்லை. நறுக்குவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். குரலுக்குச் சொந்தக்காரரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள்.

ஆனால் நான் இதை எழுத நினைத்ததே அந்த அறையில் கடைசியாக நடந்த ஒன்றுக்காகத்தான். புஸ்பம் கேட்டுக்கொண்டபடி பதிவை மூன்றாம் முறையாகப் போட்டோம். செல்வராணி போனைப் பெட்டியின் வாயிலேயே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். முடிந்ததும் போனுக்குள் இருந்து புஸ்பம் முறைப்பாடு சொன்னார்:

"எல்லாம் சரி ராணி. உன்ட குரல்தான் பெரிசாக் கேக்குது. நாங்கள் சொன்னது சின்னனாக் கிடக்கு. அந்த ஆளிட்டச் சொல்லிக் கூட்டு."

செல்வராணி என்னைப் பார்த்தார்.

"எது அண்ணை, சத்தம் கூட்டிறது?"

பெட்டியின் முகப்பில் இருந்த குமிழைக் காட்டினேன். போனை மற்றக் கைக்கு மாற்றி, உப்பும் செதிலும் ஒட்டியிருந்த விரல்களைச் சேலையில் ஒருமுறை துடைத்து, அவர் அதைப் பிடித்துக் கடைசிவரை திருகினார்.